ஓடையோரத்துப் பங்கு

இயேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்,
தவக்காலம் முதல் ஞாயிறு

அன்பு மகள் பிளசிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் அண்ணன் ஆண்டோவும் அண்ணி சுபாவும் நன்றாகவே இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இந்தப் பேனாவைத் திறந்தேன். தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடிதம் எதற்கம்மா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேச உட்கார்ந்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறார், ஆண்டோ எட்டிப் பார்க்கிறான், நீ ஆஸ்பத்திரி உடுப்போடு ரொட்டியைக் கடித்துக்கொண்டே ம் ம் என்கிறாய், நான் முக்கியமானதைச் சொல்ல வாயைத் திறந்தால் நெட் போய்விடுகிறது. இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது. நோட்டில் நாலு தாள் கிழித்து வைத்துக்கொண்டேன், பூசை முடிந்து வந்து ஆரம்பித்தது, கஞ்சி ஆறிக் கிடக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு. ஓடையோரத்தில் உனக்கு வீடு கட்ட முடியாது. சட்டம் விடாது, அது மட்டும் இல்லை, அந்த இடம் நம்முடையதே இல்லை. உனக்கு என்று நாங்கள் காட்டிய பங்கு ஓடை. மூன்று வருடமாக நீ வராமல் இருப்பதும், அடுத்த முறை வந்தால் என் வீட்டுக்குத்தான் வருவேன் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வதும், எல்லாம் அந்த இடத்தை நம்பித்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பினாயே வீட்டுப் படம், இரண்டு அறை, ஓடையைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல், அதை ஆண்டோ பிரிண்ட் எடுத்து ஊராட்சி ஆபீசில் கொடுத்தான். ஓடைக்குப் பக்கத்தில் என்றால் சர்வேயர் வந்து அளந்து, ஓடை எல்லையை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்றார்களாம். ஏரி, குளம், ஓடை எதன் ஓரத்திலும் ஒட்டிக் கட்டக் கூடாது, வளைத்துப் போட்டிருந்தால் திருப்பி விட வேண்டும் என்று இப்போது கடுமையாக இருக்கிறார்கள். அதற்கென்ன, நம் நிலத்திலேயே கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைத்தோம். எல்லாரும் என்றா எழுதினேன், அது தப்பு. ஆண்டோதான் அப்படி நினைத்தான். அளந்தால் என்ன வரும் என்று எனக்கும் அப்பாவுக்கும் அன்றைக்கே தெரியும்.

பொங்கல் கழிந்து சர்வேயர் வந்தது. பெண்பிள்ளை, சுசித்ரா என்று பேர், உன் வயதுதான் இருக்கும். தண்ணீர் கேட்டது, சொம்பைக் கொடுத்தேன், அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் உன்னைப் போலவே வாய் வைத்துக் குடித்துவிட்டு சாரிம்மா என்றது. சொம்பைத் திரும்ப வாங்காமல் நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு பையிலிருந்து நில அளவுப் புலப்படத்தை எடுத்து விரித்துத் தென்னை மரத்தடியில் நின்றது. காகிதத்தில் ஓடை நம் நாலு தென்னையையும் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. தரையில் பார்த்தால் ஓடை எங்கேயோ ஒடுங்கிக் கிடக்கிறது. இந்த மூலையில ஒரு சர்வே கல்லு இருக்கணுமே, எங்கீங்க என்று கேட்டது. உன் அப்பா மூஞ்சியை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, அதெல்லாம் எந்தக் காலத்து வெள்ளத்துலயோ போயிடுச்சுங்க மேடம் என்றார். அக்கரையில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மாதையன் அண்ணன் நின்றிருந்தார். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அவர் நின்ற இடத்துக்குப் பின்னால்தான் அவருடைய மாட்டுக் கொட்டகை இருந்தது. போன வருடத்துக்கு முந்தின டிசம்பர் மழையில் சித்தேரி மலைத் தண்ணீர் மொத்தமும் ஒரே வேகத்தில் இறங்கியதே, நினைவிருக்கிறதா, போனில் அழுதேனே. நம் பக்கம் ஒரு தென்னங்கீற்றுகூட நனையவில்லை, தண்ணீர் முழுக்க அக்கரையில் ஏறிக் கொட்டகைச் சுவரைத் தள்ளி, கறவை மாட்டையும் கன்றையும் கட்டின கயிற்றோடு கொண்டுபோனது. ஊரே மழையைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். நம் கரையை நாம் உயர்த்திவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதையன் அண்ணன் வீட்டம்மா மாடு இல்லாத கொட்டகையில் உட்கார்ந்து அழுதபோது நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த கை இது.

அதனால் சர்வேயர் அடுத்த முறை வருகிறோம் என்று டேப்பைச் சுருட்டப் போனபோது, நான் குறுக்கே போய் நின்றேன். அந்தக் கல்லு எங்க வூட்டுலதாங்க இருக்குது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற இடத்தில் நீ உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொள்வாயே, நீளமான ஒரு கல், அதுதான். ஒரு பக்கம் சுவருக்குள் போன மாதிரி ஒட்டிக் கிடக்குமே, அந்தப் பக்கம்தான் அதன் தலை. ஆண்டோவைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் நெம்பச் சொன்னேன். வெளியே வந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவினேன், தலையில் வெட்டிய குறி அப்படியே இருந்தது. ஆண்டோ என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் அப்பா, உனக்குப் பைத்தியமாடி ரோசம்மா என்று மட்டும் கேட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் மஞ்சள் காட்டுப் பக்கம் போய்விட்டார். அந்தப் பிள்ளை சுசித்ரா நல்ல பிள்ளை. கேஸ் கீஸ் என்று மிரட்டவில்லை, எடுத்த இடத்துலயே நட்டுடலாங்கம்மா என்றது.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்லாதே. நீ பிறப்பதற்கு முன்னால் இரண்டு வருடம் மழையே இல்லை, ஓடை இருந்த இடம் தெரியவில்லை, ஆடுகள் அதில் படுத்துக் கிடந்தன. இனி இதில் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று எல்லாரும்தான் பேசினார்கள். அவர் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் வரப்பைச் செதுக்குகிற சாக்கில் ஒரு மண்வெட்டி அகலம் ஓடைக்குள் தள்ளித் தள்ளிப் போனோம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் மண் கூடை சுமந்து கொட்டியிருக்கிறேன். அப்போது அது திருட்டாகத் தெரியவில்லை, உழைப்பாகத்தான் தெரிந்தது. உனக்குப் பன்னிரண்டு வயதில், கிணறு அண்ணனுக்கா என்று நீ முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாய். அப்பா உன்னைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போய், இந்த ஓடையோரம் பூரா எம்மகளுக்குத்தான் என்று கையை நீட்டிக் காட்டினார். நீ தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாய். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். மகனுக்குப் பட்டா நிலம், மகளுக்கு ஓடை. தெரிந்தேதான் சிரித்தேன் பிளசி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்லை நட்ட அன்று நான் மாதையன் அண்ணனிடம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவரே, எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி, நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன் என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் சண்டை. போன இடம் போனது, பிளசிக்குப் பங்கு கிணற்று மேட்டில் புளியமரத்தை ஒட்டிக் கொடுத்தாக வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பா, அவதான் சம்பாதிக்கிறாளே, அவளுக்கு என்னாத்துக்கு என்றார். ஆண்டோ, அப்ப நான் மட்டும் இளிச்சவாயனா என்று கேட்டுவிட்டு மூன்று நாள் மொரப்பூரில் கூட்டாளி வீட்டில் போய்த் தங்கிக்கொண்டான். நானும் உலை வைக்கவில்லை, வேண்டுமானால் ஓட்டலில் தின்றுகொள்ளுங்கள் என்று அப்பாவை விட்டுவிட்டேன். கடைசியில் வாயைத் திறந்தது யார் தெரியுமா, நம் சுபா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். ஆண்டோ வந்து படியில் உட்கார்ந்ததும் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எங்க வூட்லயும் எனக்கு இப்படித்தாங்க ஒரு எடத்தக் காட்டுனாங்க, அது ஏரிக்குள்ள இருக்குது, ஏரி ரொம்புச்சுன்னா எம்பங்கு முழுகிடும், நான் எங்க அண்ணன நெனைக்கற மாதிரியே உங்க தங்கச்சியும் உங்கள நெனைக்கணுமா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், உள்ளே போய்விட்டாள். ஆண்டோ மோரைக் குடித்து முடித்து, மறுநாள் காலையில் முளைக்குச்சியும் கயிறும் எடுத்துக்கொண்டு தானாகவே மேட்டுக்குப் போனான். உன் அண்ணனைப் பற்றி இனிமேல் குறை சொன்னால் நான் கேட்க மாட்டேன். உன் அண்ணிக்கு நீ அடுத்த முறை நல்லதாக ஒரு கைப்பை வாங்கி வா.

போன வாரம் ஜேசிபி வைத்து நாம் கொட்டிய மண்ணைக் கல் வரைக்கும் அள்ளிவிட்டார்கள். தென்னை மரம் நிற்கிற திட்டு மட்டும் இருக்கட்டும், வேர் கரைக்கு நல்லது என்று சர்வேயர் பிள்ளை சொன்னது, ஆனால் இனி அது நம் தென்னை இல்லை. மண்ணை அள்ளும்போது உன் அப்பா தூரத்தில் நின்று பார்த்தார், பிறகு கிட்ட வந்தார், பிறகு இன்னும் கொஞ்சம் ஆழமா எடுப்பா என்று டிரைவரிடம் அவரே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். எதிலும் மேஸ்திரி வேலை பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஓடை எத்தனை அகலம் தெரியுமா. இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் பார்த்ததில்லை.

உன் புது இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். நல்ல இடம், காற்று வருகிறது, கிணறு கிட்டம். உன் பெரிய ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று நானே நடந்து பார்த்து அங்கே நின்றேன். அங்கிருந்து ஓடைச் சத்தம் கேட்காது கண்ணு. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போது ஓடையில் தண்ணீரும் இல்லை, மழைக் காலத்தில் கேட்குமோ என்னவோ, அதை நீதான் வந்து நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீ போன நாளிலிருந்து உன் ரோஸ் கலர் துண்டு குளிக்கிற இடத்துக் கொடியிலேயே தொங்குகிறது, சுபா துவைத்து மறுபடி அங்கேயே போடுகிறாள், எடுத்து வை என்று நான் சொல்வதில்லை. கல் போன இடத்தில் பள்ளமாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதுகு தேய்க்கச் சொல்லி நீ கத்துகிற சத்தம்தான் கேட்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது பிளசி. இதற்கு மேல் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், சத்தியம். எடுத்தாலும் ஒரு தடவைக்கு மேல் எடுக்க மாட்டேன்.

அப்பா உன் பேருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வாயால் சொல்லிக் கையால் காட்டுகிற வேலை இந்த முறை கிடையாது, பதிவு பண்ணித்தான் ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். பத்திரம் எழுதுகிறவரிடம் நானும் போயிருந்தேன். திரும்பி வந்ததும், பிளசி நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் பத்திரம் ஆகுமாம் என்று அப்பாவிடமும் ஆண்டோவிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இருவரும் நீ எந்தத் தேதிக்கு வருவாய் என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், அப்பா மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எந்த வண்டியில் நீ வந்தால் தோது என்று டைம்கூடக் கேட்டு வைத்துவிட்டார்.

அது பொய். நீ அங்கேயே பவர் எழுதித் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும், உனக்குப் பதில் ஆண்டோ கையெழுத்துப் போடலாம் என்றுதான் பத்திரக்காரர் சொன்னார். உன்னிடமும் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு கல்லை மறைத்து நான் பட்டது போதும் என்று இதை எழுதுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்றால் பவரை அனுப்பிவிடு, இடம் உன்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை, நான் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். தவக்காலத்தில் பொய் சொன்னதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதை மட்டும் நீ வந்து போகிற வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். அசல் ஆதார் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே. தலையை நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா
இ. ரோசம்மாள்