சேராத மரை

ஆவணி பன்னிரண்டு, வியாழன்

நெல் கதிர் வாங்கும் நேரத்தில் பம்புசெட்டு நின்று நாலு நாளாகிறது. குற்றாலச் சாரலும் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. தேய்ந்துபோன போல்ட்டுகளுக்குப் பதிலாகத் தம்பி மகன் சங்கரன் தென்காசியில் புதிது வாங்கி வந்தான். எல்லாம் இரண்டு சுற்று ஏறி, அப்படியே இறுகிக்கொள்கின்றன. துருதான் காரணமென்று அவன் எண்ணெய் விட்டுப் பார்த்தான். நான் திருநீறு பூசிப் பார்த்தேன்.

இன்று கடையத்திலிருந்து பம்பு பிட்டர் வந்து போல்ட்டின் சுற்றுமரையை அளந்தார்.

"ஏலே, பம்புல உள்ளது இஞ்சு மரை. நீ வாங்குனது மில்லிமீட்டர். எத்தன நாள் முறுக்குனாலும் சேராதுலே. கடையில இப்ப பழைய மரை வாரதே இல்ல."

"எங்கப்பா ஒரு டப்பா நெறைய வச்சிருந்தாவ, அண்ணாச்சி. அத்தே, அது எங்கன இருக்கு?"

"மச்சுல பாரு" என்று சொல்லிவிட்டேன்.

மச்சில் இல்லை. ஆடியில் வீட்டை ஒழுங்குபண்ணும்போது பழைய இரும்புக்காரனிடம் அதைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினேன். ஆய்க்குடி முருகனுக்குப் பஞ்சாமிர்தம் பண்ணியது அந்தப் பழத்தில்தான்.

சங்கரன் இன்னும் விளக்கோடு மேலே தேடுகிறான். ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்க்கிற சத்தம் கேட்கிறது. இங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தால் போதும். ஊரெல்லாம் பேசுகிற என் வாய் திறக்க மாட்டேனென்கிறது.