அப்பா சிரித்த படம்

மைசூர், ஞாயிறு, 11 ஆகஸ்ட் 1996

இன்று அப்பா எங்களை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் முதல் காதல், முழுக்கச் சிரிப்பு. அவன் அவள் வீட்டு வாசலில் சைக்கிளோடு விழுந்தபோது அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வெளியே வந்ததும் தங்கை கவிதாவின் வகுப்புப் பையன் ஒருவன், "படம் சென்னாகித்தா?" என்று, படம் நன்றாக இருந்ததா என, கன்னடத்தில் அவளிடம் கேட்டான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அப்பா அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவளை அறைந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஸ்கூல் வேண்டாம். கொள்ளேகால்ல அத்தை வீட்டுல இருக்கட்டும், மாப்பிள்ளை பார்த்துடலாம்," என்றார்.

"படத்துல அந்தப் பையனுக்குக் கை தட்டினீங்களேப்பா?" என்று கேட்டேன்.

"அது சினிமா."

அம்மா கவிதாவின் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

கவிதா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. சற்றுமுன் மெதுவாகச் சொன்னாள்: "நிஜமாவே எனக்கு அவனைப் பிடிக்கும்க்கா. அவன்கிட்ட சொல்லிடாதே."