நிலவறை வாடை

ஆடி 14, வியாழன். மழை விடவில்லை.

நிலவறையிலிருந்து வரும் பூஞ்சை வாடை இப்போது பூஜை அறை வரை ஏறிவிட்டது. அடுத்தாத்து கிச்சாமிதான் காரணம் என்று பதினைந்து நாளாக எனக்குச் சந்தேகம். பொதுச்சுவர் ஓரமாகத்தானே குளிக்கிறான். நேற்று தெருவில் நாலு பேர் பார்க்க அவனைக் கேட்டும்விட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பே சரியில்லை.

இன்று காலை ஆசாரியை வரவழைத்தேன். உள்ளறைத் தரைப் பலகை இரண்டைப் பெயர்த்து, விளக்கோடு அடியிலுள்ள நிலவறைக்குள் ஊர்ந்து போனான்.

"சாமி, அவங்க பக்கத்துச் சுவரு ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம உணங்கிக் காஞ்சு கிடக்கு. வெள்ளம் மேலேருந்து, பலகை இடுக்கு வழியாத்தான் சொட்டுது."

மேலே இருப்பது என் மடிக்கொடி. மழை பிடித்ததிலிருந்து, குளத்தில் முங்கிவிட்டு வந்து ஈர மடி வேஷ்டியை அங்கேதான் உலர்த்துகிறேன். பிறர் தொட்டால் தீட்டு; என்னைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

"வேஷ்டி சொட்டறது எனக்கு அப்பவே தெரியும்ணா" என்கிறாள் அகத்துக்காரி. "மடியைத் தொடாதே, கிட்டே வராதேன்னேள். நானும் வரல்லே."

தொட வேண்டாம், வாயால் சொல்லியிருக்கலாமே? என்னிடம் சொல்லவில்லை. கிச்சாமியின் அகத்துக்காரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் நேற்று அவன் ஏன் அப்படிச் சிரிக்க வேண்டும்?