நானூறு என்று சொல்லி விற்ற ரேம்

2005 ஜூலை 4, திங்கள்

மத்தாப்புப் பெட்டி லேபிளில் கிளிக்கு வால் வரைந்து சேவ் கொடுத்தேன். டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தும் அது சேவ் ஆகிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று பார்த்த முதலாளி கோட்டைச்சாமி சொன்னார்: "இசைவாணி, இந்த வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி கம்பெனிக்காரக சாம்பிள் பாக்க வாராக. முடியலன்னா மதுரை ஸ்டூடியோவுக்குக் குடுத்துருவேன். பெறகு நம்ம பிரஸ்ஸுக்கு டிசைன் ஆள் எதுக்கு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயம். புது ரேம் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

அம்மா எம். புதுப்பட்டியில் பட்டாசு பாக்கிங் பார்க்கிறவள். விஷயத்தைச் சொன்னால், "போனாப் போகுது, எங்க கம்பெனி வேன்ல ஒரு எடம் இருக்கு" என்கிறாள். ஆறுதலாம் இது. மாட்டவே மாட்டேன். எனக்கு அந்த மருந்து வாசம் ஆகாது. பயமும்தான்.

ஜூலை 8, வெள்ளி

நேற்று விருதுநகரில் சாபிர் பாய் கடையில் ரேம் வாங்கிவந்தேன். நானூறு வேகம் என்று சொல்லிக் கொடுத்தார். முதலாளி பூஜை செய்யாமல் மாட்ட விடவில்லை. சூடம், ஊதுபத்தி வரைக்கும் சரி. சந்தனத்தைக் குழைத்து ரேம் மேலேயே பொட்டு வைத்துவிட்டார். ஸ்டிக்கரில் எழுத்தே தெரியவில்லை.

பழைய ரேமைக் கழற்றப் போனேன். "ஏ, வையி. வெள்ளிக்கெழமையும் அதுவுமா இருக்கிறதக் கழட்டி வெளியேத்தக் கூடாது. பக்கத்துலதான் எடம் காலியாக் கெடக்குல்ல" என்றார். சரி, இரண்டும் இருக்கட்டும். கிளி இப்போது கொஞ்சம் அசைகிறது.

ஜூலை 9, சனி

கொஞ்சம்தான். நானூறு என்றால் பறக்க வேண்டாமா? பாய் கொடுத்த சிடியில், ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் சின்ன புரோகிராம் இருந்தது. போட்டுப் பார்த்தேன். 166.

நூற்று அறுபத்தாறா? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே. ஸ்டிக்கரைப் பார்க்கலாம் என்றால் அதன் மேல் பொட்டு. அதைச் சுரண்டினால் முதலாளி என்னைச் சுரண்டுவார். சிரித்துச் சிரித்துப் பேசி மட்டமானதைத் தலையில் கட்டிவிட்டாரே மனுசன் — திங்கட்கிழமை இருக்கு அவருக்கு.

ஜூலை 10, ஞாயிறு

சண்டைக்கு என்ன பேசலாம் என்று யோசித்ததில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூலை 11, திங்கள்

சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். "மடிப்பிள்ளைக்கு ஏது அண்ணாச்சி டிக்கெட்?" என்றேன். விட்டுவிட்டார்.

கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டேன். "நானூறுன்னு சொல்லித்தான வித்தீக? நூத்தி அறுவத்தாறு ஓடுது."

பாய் கோபிக்கவில்லை. "மொதல்ல தண்ணி குடிங்கம்மா. அந்தப் புரோகிராம் பாதியத்தான் காட்டும். ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவ வேல நடக்கும். ரெண்டால பெருக்கணும்."

பெருக்கினேன். "அப்பவும் முன்னூத்தி முப்பத்திரெண்டுதான். பாக்கி எங்க?"

இப்போது பாயே முழித்தார். சிபியுவைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "பொட்டெல்லாம் வச்சு விட்டிருக்கீக." சந்தனத்தைச் சுரண்டினால், ஸ்டிக்கரில் நானூறு என்றே இருந்தது. "பக்கத்துல இருக்கிற பழசு மெதுவாப் போறது. சேத்து மாட்டுனா புதுசும் அதுகூடத்தான் நடக்கும்." பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை மட்டும் ஓட்டிப் பார்த்தார். 200. இரட்டித்தால் நானூறு, சொன்னபடி.

வெட்கமாகப் போய்விட்டது. தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். "நீங்க கேட்டதும் சரிதானம்மா, முழுசா ஓடலையே" என்றார். நல்ல மனுசன். பழசை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 12, செவ்வாய்

ரேம் நானூற்றில் ஓடுகிறது. லேபிள்தான் ஓடவில்லை. கிளி, பூ, எழுத்து மூன்றையும் ஒன்றாகத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பாய்க்குப் போன் போட்டேன். "ஒங்க வேலைக்குப் புது ரேம்ல மட்டும் எடம் பத்தல. வேகம் கொறஞ்சாலும் பரவால்ல, பழசையும் மாட்டிருங்க" என்றார்.

மாட்டினேன். மறுபடி 166. ஆனால் வேலை நடக்கிறது. பறக்கும் என்று நினைத்தது என் பேராசை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்கிறார் முதலாளி. அவர் சொன்னது வெள்ளிக்கிழமைக் கணக்கு, அதுவும் இதுவும் ஒன்றா? கடுப்பு பாதி, சிரிப்பு பாதி. வேகத்தைத் துரத்தியே நாள் போய்விட்டது, இனிமேல் வரைய வேண்டும்.

ஜூலை 15, வெள்ளி

கம்பெனிக்காரர்கள் லேபிளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கிளி மூக்கு இன்னும் சிவப்பாக வேண்டுமாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி மதுரைப் பேச்சை எடுக்கவே இல்லை, எல்லாருக்கும் காராச்சேவும் டீயும் வாங்கிவரச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

அம்மா வேலை முடிந்து வந்தவள், கைகூடக் கழுவாமல் என்னிடம் சண்டைக்கு வந்தாள். அந்த லேபிள் அவள் கம்பெனிக்கேதான் போயிருக்கிறது. பிராண்டு பேரை வைத்து எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அதைத்தான் ஒட்டினாளாம்.

"ஓரத்துல ஒரு விரக்கடை எடம் விடமாட்டியா பிள்ள? பசையெல்லாம் கிளி வால்லயே படுது. கூட ஒட்டுற வேலுத்தாய் அங்கன ஒக்காந்து, எவ வரைஞ்சான்னு ஏசுதா."

"நீ என்ன சொன்ன?"

"எம் மகதான் வரைஞ்சா, இனிமே எடம் விடுவான்னேன்" என்றாள்.