கேப்டன் லாப்ரடாரின் கையுறை

தென்காசி,
ஆடி 15, வியாழன்.

அன்புள்ள பேரனுக்கு ஆச்சி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அம்மா மூவரும் சுகம். சாரலுக்கு என் முட்டி வலிக்கிறது, ஆடி கழிந்தால் சரியாகிவிடும். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. போனில் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அது வீடு முழுக்கக் கேட்கிறது. இது உன் அப்பா காதில் விழவேண்டாத சங்கதி. அதோடு நான் அஞ்சாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அந்தக் கை இன்னும் இருக்கிறது.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி நீ கனடா நாட்டுக் குடிமகனாகச் சத்தியம் செய்யப் போகிறாய், அதற்கு முன்னால் அப்பா ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று உன் அம்மா நிர்மலாவிடம் அழுதாயாம். அவள் சமையல்கட்டில் வைத்து என்னிடம் சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பார்த்த வரைக்கும் எழுதுகிறேன்.

முதலில் நீ வரைந்த படக்கதைப் புத்தகம். பத்துப் பிரதியும் நனையாமல் வந்து சேர்ந்தன. தபால்காரர்தான் நனைந்திருந்தார். அட்டையில் ஒரு ஆள் பனியில் நிற்கிறான், சிவப்பும் வெள்ளையுமாக உடுப்பு, கையில் அந்த நாட்டுக் கொடி. கீழே வரைந்தவர் பெயர் என்று உன் பெயர், அதாவது உன் தாத்தா பெயர். இங்கிலீஷில் இருந்ததால் நான் விரலால் தடவிப் பார்த்தேன். வாயால்தானே சொல்லக்கூடாது.

ஒன்பது பிரதியை யார் யாருக்குக் கொடுத்தேன் என்று பட்டியல் போட்டால் பெருமையடிக்கிறாள் என்பாய். முட்டி வைத்தியருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, உன்னை ஏழாம் வகுப்பில் படம் போட்டதற்காக வெளியே நிறுத்திய கணக்கு வாத்தியாருக்கு ஒன்று. அவர் வீடு ஆலங்குளத்தில், பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள். அட்டையைப் பார்த்துவிட்டு, ஏன் ஆச்சி, இவன் குளிருக்கு ஒரு வேட்டி கட்டக்கூடாதா என்று கேட்டவர்களும் உண்டு.

பத்தாவதை ஆய்க்குடிக்குக் கொண்டுபோய் முருகன் காலில் வைக்கச் சொன்னேன். ஐயர் புதுக் கணக்குப் புத்தகம் என்று நினைத்து வாங்கி, அட்டையைப் பார்த்துத் திகைத்து, பிறகு யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். பேரன் பெயருக்கு என்றேன். பெயர் என்ன என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் நம் வீட்டு வழக்கத்தைச் சொல்லி, அட்டையில் இருப்பதை அவளை வாசிக்கச் சொன்னேன். அர்ச்சனை நடந்தது. இப்போது அந்தப் பிரதியில் உன் ஆளின் நெற்றியில் சந்தனம் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கங்களில் அச்சடித்திருக்கும் வரலாற்றை அடுத்த வீட்டு உமாதேவி டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னாள். எழுபத்து நாலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நம் பிள்ளைகள் பக்கத்து நாடான அமெரிக்காவின் வீரன்களையே படித்துக்கொண்டு இருக்கிறார்கள், நமக்கென்று ஒருத்தன் வேண்டாமா என்று சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து கேப்டன் லாப்ரடாரை வரைந்தாராம். லாப்ரடார் என்பது அங்கே ஒரு சீமையாம். ஐந்து புத்தகத்தோடு நின்றது. ஏழு வருஷம் கழித்து ஒரு கம்பெனி எடுத்து, முகமூடியை மாற்றி, பதினொன்று போட்டு, அதுவும் நின்றது. பிறகு ஏதோ ஒரு பேப்பரில் வாரம் நாலு கட்டமாக வந்தது, அந்தப் பேப்பரே நின்றுபோனது. வாத்தியார் செத்துப்போனார். அவர் மகள் எல்லாப் படத்தையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, என் அப்பா போட்டதைக் கேலிக்கூத்து ஆக்காதவனுக்குத்தான் தருவேன் என்று இருபது வருஷம் இருந்திருக்கிறாள். இப்போது நாலாவது தரம். அவள் பார்த்துச் சம்மதித்த கை உன்னுடையது. உமாதேவி இதைச் சொல்லிவிட்டு, கனடாக்காரனுக்கு வீரன் வேணும்னா தென்காசியில இருந்துல்லா ஆள் போக வேண்டியிருக்கு ஆச்சி என்று சிரித்தாள்.

உன் அப்பா அப்போது முற்றத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், மூணு தரம் கலைச்ச படையை நாலாந்தரம் திரட்டுதாங்க என்றான். புத்தகத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. உமாதேவி பதில் சொல்லப் போனாள், நான் கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

அவன் கோபம் உனக்குத் தெரிந்ததுதான். நீ வேலையை விட்டுவிட்டுப் படம் போடப் போனபோதுகூட, கஞ்சி குடிச்சாவது போடட்டும் என்றுதான் சொன்னான். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்று நீ சொன்ன அன்றுதான் எழுந்து போனான். நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு கொடிக்குக் கீழ நின்னேன், அவன் ஒரு கையெழுத்துல அடுத்த கொடிக்குப் போவுதான் என்று என்னிடம் சொன்னான். அதோடு சரி. இது பதினாலாவது மாதம்.

உன் பெயரை நான் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் பெயர். உன் அம்மாவும் சொல்ல முடியாது, மாமனார் பெயர். எனக்கு நீ ஐயா, அவளுக்குத் தம்பி. இந்த வீட்டில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் உன் அப்பா ஒருத்தன்தான். ஆகவே பதினாலு மாதமாக அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கவில்லை.

உனக்கு எழுதும் உறைக்கு விலாசமும் அதனால்தான் பிறத்தியாள் எழுதவேண்டியிருக்கிறது. முன்னெல்லாம் உன் அப்பாவே எழுதுவான். போன தைக்கு எழுதித் தரச் சொன்னபோது கண்ணாடியைக் காணோம் என்றான். கண்ணாடி மூக்கில் இருந்தது. அதிலிருந்து உமாதேவிதான் எழுதுகிறாள்.

சந்தனம் வைத்த பிரதியை நான் டிவி பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். மறுநாள் காலையில் அது கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினேன். சாயந்தரம் கவிழ்ந்து கிடந்தது. இப்படி எட்டு நாள். ஒன்பதாம் நாள், எம்மா, இவன் எந்த ரெஜிமென்ட்டுக்குக் கேப்டன், பின்னால ஒரு சிப்பாயையும் காணலயே என்றான். நான் இத்தனை வருஷம் நின்னும் ஹவில்தாராத்தான் வந்தேன், இவன் பேண்டுக்கு மேல ஜட்டியைப் போட்டுட்டுக் கேப்டனாயிட்டான் என்றான். நம்ம படையில லாப்ரடார்னா மோப்பம் பிடிக்குத நாய், அதுக்காவது ஒழுங்கா ஒரு நம்பர் உண்டு என்றான். உன் அம்மா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். கேலி செய்தாலும் பேசுகிறானே என்று நான் இருந்துவிட்டேன்.

மறுநாள் புத்தகத்தைக் காணவில்லை. கிழித்துப் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

இந்த சீசனுக்கு அவன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் செக்யூரிட்டிக்குப் பொறுப்பாக இருக்கிறான். காலையில் போய்ச் சாயந்தரம் வருவான். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டம் சொல்லி முடியாது. போன செவ்வாய்க்கிழமை நனைந்துபோய் வந்து பையைத் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் பையைத் திறந்தேன். தூக்குக்குள் தண்ணீர் போயிருந்தது, மிச்சச் சோறு ஊறிக் கிடந்தது. அடியில் உன் புத்தகம் இரண்டு பாலிதீன் உறைக்குள் கட்டி, மேலே ரப்பர் வளையம் போட்டு இருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

அவன் குளித்து வருவதற்குள் பிரித்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருக்கிறான், எல்லாப் பக்கத்திலும். நல்லவேளை தமிழில் எழுதியிருந்தான். நான் படித்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

நாலாம் பக்கம், பூட்ஸ் லேஸ் வெளியே தொங்குது, தடுக்கி விழுவான். ஏழாம் பக்கம், தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது. பத்தாம் பக்கம், மூட்டையை இவ்வளவு கீழே கட்டினால் இடுப்பு போய்விடும். பதினாலாம் பக்கம், கொடிக் கயிற்றில் போட்டிருக்கிற முடிச்சு இழுத்தால் அவிழாது. அதற்குப் பக்கத்திலேயே சரியான முடிச்சைப் படமாகப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பூவை உள்ளே வைத்துக் கொடி கட்டிக் கொடுப்பவன் அவன்தானே, அதே முடிச்சு. கடைசியில் இருக்கும் வரலாற்றுப் பக்கத்தில் ஓரமாக, 74 திரட்டியது, 75 கலைத்தது, 81 திரட்டியது என்று வரிசையாக எழுதி, கீழே இப்போது என்று போட்டு அடிக்கோடு இழுத்திருக்கிறான்.

பதினாறாம் பக்கத்தில் உன் ஆள் பனியில் வெறுங்கையோடு இரும்புக் கம்பத்தைப் பிடித்திருக்கிறான் அல்லவா. அங்கே கொஞ்சம் அதிகமாக எழுதியிருக்கிறான். லடாக்கில் லே-யில் இருக்கும்போது மதுரைக்காரப் பையன் ஒருத்தன் இப்படித்தான் தொட்டான், உள்ளங்கைத் தோல் கம்பத்திலேயே ஒட்டிக்கொண்டது, கையுறை போடவேண்டும், எப்போதும் போடவேண்டும், அங்கே குளிர் இதைவிட மோசம் என்று. இதில் எங்கே வரைக்கும் படத்து ஆளுக்கு, எங்கிருந்து வேறு ஆளுக்கு என்று நான் அவனைக் கேட்கவில்லை.

கடைசிப் படத்தில் புயல் ஓய்ந்தபின் அவன் கொடியை ஊன்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கொடியின் ஒரு மூலை பனியில் கிடக்கிறது. நீ கவனிக்காமல் போட்டிருப்பாய். உன் அப்பா அந்த மூலையை ரப்பரால் அழித்திருக்கிறான். அச்சு அழியவில்லை, காகிதம்தான் தேய்ந்திருக்கிறது. பிறகு பென்சிலால் மூலையைத் தூக்கி வரைந்திருக்கிறான். பக்கத்தில் ஒரே வரி. எந்த நாட்டுக் கொடியானாலும் தரையில் படக்கூடாது.

அவன் குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டது. இருந்தபடியே கட்டி, அதே ரப்பர் வளையத்தைப் போட்டு வைத்துவிட்டேன். சோறு ஊறிப்போச்சே என்று மட்டும் கேட்டேன். மழை என்றான்.

முட்டி பிடித்துக்கொண்டது, மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஆடி 17, சனி.

நேற்று சாயந்தரம் அவன் வந்ததும், பேரனுக்குப் பார்சல் அனுப்பப் போகிறேன், கூட அந்தப் புத்தகத்தையும் வைக்கலாம் என்று இருக்கிறேன், எங்கே போச்சோ தெரியவில்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் கைலியைச் சரிசெய்துகொண்டு நின்றான். அவன்கிட்டதான் ஏகப்பட்டது இருக்குமே, அதை எதுக்கு அனுப்புதே என்றான். இது சாமி காலில் வைத்தது என்றேன். பையிலிருந்து எடுத்துத் தந்தான். பாலிதீனைக் கழற்றக்கூடாது என்றான்.

இன்று காலை தபால் ஆபீசுக்குக் கிளம்பினேன். உமாதேவி தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நேற்றே போய்விட்டாள். அது எனக்கு முந்தாநாளே தெரியும். உறையையும் பேனாவையும் எடுத்துப்போய், முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவன் முன்னால் வைத்தேன். ஊரில் எழுத ஆள் இல்லை என்றேன். கண்ணாடியைக் காணோம் என்று சொல்வான் என்று பார்த்தேன். அவன் பேப்பரை மடித்து வைத்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். போனில் இருந்த விலாசத்தை நிர்மலா காட்ட வந்தாள். வேண்டாம், தெரியும் என்றான். உன் ஊர் வின்னிபெக் வரைக்கும், அதற்குக் கீழே இருக்கும் நம்பர் வரைக்கும் அவனுக்கு மனப்பாடம்.

பட்டாளத்துப் பெட்டியில் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான். முதல் வரியை எழுதும்போது எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாய்விட்டுச் சொன்னான். அந்தப் பெயரை. உன் அம்மா அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அவன் எழுதி முடித்த உறையை நான் வாங்கி, புத்தக அட்டையில் இருக்கிற எழுத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

அவன் உன்னோடு போனில் பேசுவானா என்று எனக்குத் தெரியாது. பேசச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை, நீயும் கேட்காதே. நீ அடுத்துப் போடும் படத்தில் அந்த மூலையைத் தூக்கிவிடு. முடிச்சையும் மாற்று. அவன் பார்ப்பான்.

ஐயா, பார்சல் பிரிக்கிற அவசரத்தில் இந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதே. விலாசம் இருக்கிற பக்கத்தைக் கத்தரித்து எடுத்து, இருபத்திரண்டாம் தேதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போ. அங்கே உன் பெயரைக் கூப்பிடும்போது, உன் வீட்டிலும் கூப்பிட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்திரு. ஆய்க்குடி முருகன் துணை இருப்பான். குளிர் தொடங்கினால் கையுறை போடு.

இப்படிக்கு,
உன் ஆச்சி
மாரித்தாய்