ஒரு ரிங், இரண்டு ரிங்

நானா,

இன்று காலை வேலைத்தலத்தில், கணினித் திரையில் அந்தப் பெட்டி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. இணையத் தொலைபேசி சேர்வர் மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்றை முடித்துக்கொண்டிருக்கிறோம். வாங்குபவர் எதையும் தொடாவிட்டால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று வரி வரியாக முடிவு செய்கிற வேலை. 'முதல் முகவரி பதில் தராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?' என்ற வரிக்கு எதிரே மட்டும் பெட்டி வெறுமையாக இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. ஏதாவது ஓர் எண்ணைப் போடுங்கள் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் தேநீர் குடிக்க எழுந்து போனேன். குடித்து முடித்த பிறகும் திரும்பி வர மனமில்லை.

ஏதாவது ஓர் எண்ணாம். உங்களைக் கேட்டால் தெரியும்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று நீங்கள் தோஹாவில் இருந்தீர்கள். ஊருக்குள் முதல் அலை நுழைந்துவிட்டது என்று பக்கத்து அறைக்காரருக்குத் தகவல் கிடைத்ததும் வீட்டுக்குக் கோல் எடுத்தீர்கள். லைன் செத்ததா உயிரோடிருக்கிறதா என்று தெரியாமல் சத்தமற்றுக் கிடந்தது. வெட்டினால் மறுபடி கிடைக்காது என்ற பயத்தில் காதில் வைத்தபடியே நின்றீர்கள். வேறு கோலிங் கார்ட் வாங்கி வேறு வழியாக எடுத்தவர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் ஊர் கிடைத்ததாம். அப்போது மதினி வீட்டுக்குள் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார் என்று தப்பிய அயல்காரர்கள் பிறகு சொன்னார்கள். இரண்டாவது அலைதான் பெரியது. அடக்கம் செய்ய மதினியின் ஜனாஸா கிடைக்கவே இல்லை. சந்தைக்குப் போயிருந்ததால் உம்மா மிஞ்சினார்.

நீங்கள் திரும்பி வந்ததும் கல்முனை மெயின் வீதியில் மாடி அறை ஒன்றை எடுத்து அண்ணனும் தங்கையுமாகத் தொழில் தொடங்கினோம். மென்பொருள் என் வேலை, ஆட்களைப் பிடிப்பது உங்கள் வேலை. ஊருக்குத் தொலைபேச நம்மூர் ஆட்கள் வளைகுடாவில் நடத்திய கோல் கடைகள்தான் நம் வாடிக்கை. கடையின் சேர்வர் ஒரு பெயரைக் கேட்கும், இணையத்தின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ் அந்தப் பெயருக்கு இரண்டு முகவரிகளைத் தரும். ஒன்று கொழும்பு, மற்றது சிங்கப்பூர். கொழும்பு பதில் சொல்லாவிட்டால் கோல் சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வரும். இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நாம் ஒரு கிழமை, ஏழு நாளும், முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

நீங்கள் மிகக் குறைந்த நேரம் கேட்டீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த வழிக்குத் தாவ வேண்டும் என்றீர்கள். நான் மறுத்தேன். கொழும்பு கோலை வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கலாம், பதில் மட்டும் வழியில் சுணங்கித் தாமதமாகலாம், அவசரப்பட்டால் ஒரே கோல் இரண்டு தரம் போகும் என்றேன். கடைக்காரர்களே விரும்பியபடி மாற்றட்டும் என்றதற்குச் சிரித்தீர்கள்.

"அவனுகள் ஒண்டையும் தொடமாட்டானுகள் புள்ள. நாம வெச்சதுதான் அவனுகள்ற நஸீபு, தலயெழுத்து."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பதில் சுணங்கினா ஆள் மௌத்தெண்டா அர்த்தம்?" என்று, மதினியின் சாவை மறந்து, கேட்டுவிட்டேன். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "சுணங்கினா மௌத்துத்தான்" என்றீர்கள். உங்கள் எண்ணே உள்ளே போனது.

அந்த நாளில் கடற்கரைத் தெருக்களுக்கென்று ஒரு ரிங் பாஷை உருவாகியிருந்தது. காசு செலவில்லாமல் சேதி சொல்லும் வழி. ஒரு ரிங் அடித்து நின்றால், வெளிநாட்டில் இருப்பவர் சுகம்; திருப்பிக் கோல் எடுக்க வேண்டாம். இரண்டு ரிங் என்றால் கடல். நிலநடுக்கச் செய்தி டிவியில் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. இரண்டு கேட்டால் போனைத் தூக்க நிற்கக்கூடாது, மேற்கே வயல் பக்கம் ஓட வேண்டும். தோஹாவிலிருந்த என் கணவர் தினமும் வேலைக்குப் போகுமுன் கோல் கடையிலிருந்து ஒரு ரிங் கொடுப்பார். உம்மா அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

யுத்தம் முடிகிற மாதங்களில் கொழும்பு லைன் திணறியது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் எத்தனையோ பேருக்கு வன்னிக்குள் உறவுகள் இருந்தார்கள். அவர்களைத் தேடி லண்டனுக்கும் கனடாவுக்கும் விசாரித்து விசாரித்து மக்கள் போனும் காதுமாகவே இருந்தார்கள். அப்படி ஒரு காலை வேளையில்தான் நம் வீட்டுப் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. உம்மா 'கடல்' என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாராம்.

நீங்களும் நானும் மாடியில் இருந்தோம். முதலில் கீழே சத்தம் கேட்டது. பிறகு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் வீதியில் வந்து கொட்டின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தலையில் முக்காடு இல்லாமல், ஒரு கால் செருப்போடு. எல்லாரும் மேற்கே ஓட, நாம் இருவரும் உம்மாவைத் தேடிக் கிழக்கே ஓடினோம். ஒழுங்கை முனையில், மதிலோடு சாய்ந்தபடி உம்மா இருந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார். நெஞ்சு தாங்கவில்லை. நீங்கள் அவரைத் தூக்கும்போது ஒழுங்கையின் மறு கோடியில் கடல் தெரிந்தது. குளத்துத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது.

அன்று உம்மாவை மையவாடியில் அடக்கிவிட்டு வந்து, முற்றத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"உன்ற மாப்பிள்ள ஒரு ரிங்தானே குடுத்த?"

"ஓம் நானா."

கொழும்பின் பதில் சுணங்க, உங்கள் எண் அதே ஒரு ரிங்கைச் சிங்கப்பூர் வழியாக இன்னொரு தரம் அனுப்பியிருந்தது. எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நீங்களே மாடிக்குப் போய் உங்கள் எண்ணை அழித்து, நான் கேட்ட நீண்ட நேரத்தைப் போட்டீர்கள். பிறகு ஒவ்வொரு கோல் கடைக்கும் எடுத்து, அவர்கள் மாற்றி முடிக்கும்வரை லைனில் இருந்தீர்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தொழிலில் உங்களுக்குப் பிடிப்பு இல்லாமல் போனது. வீட்டில் போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். மறுநாள் வருவதாக உடுப்புப் பையைக் கட்டி வைத்திருந்தேன். பகல் லுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது உங்கள் நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. நானா சுகம் என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுச் சோறு போட்டுத் தின்றேன். மாலை அஸருக்குப் பாங்கு சொல்லுமுன் உங்கள் மௌத்துச் செய்தி வந்தது.

சுகம் என்றுதான் சொன்னீர்களா, இல்லை இரண்டாவது ரிங்வரை பிடித்திருக்க உங்கள் கைக்குப் பலம் இருக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. எந்த சேர்வரும் அதைச் சொல்லாது.

தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அந்தப் பெட்டியில் நீங்கள் கடைசியாக வைத்த எண்ணையே போட்டேன். இவ்வளவு நேரமா என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். ஊரில் இப்போது ரிங் பாஷை யாருக்கும் நினைவில்லை, எல்லாரும் வீடியோ கோலில் முகம் பார்த்தே கதைக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, நானா. தெரிந்தவரோ தெரியாதவரோ, ஒரு ரிங் அடித்து நின்றால் நான் திருப்பி எடுக்கிறேன்.