அத்தான் எதை வாங்கப் போறார்?

3 செப்டம்பர் 2007, திங்கள்

காலைப் பிரார்த்தனையின் நடுவில் டிவிடி பிளேயர் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு, ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு டிஸ்க்கை விழுங்கிவிட்டது. பாடவும் மாட்டேன் என்கிறது, திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் பாதி சவர நுரையோடு ஓடிவந்து, வைத்தியர் மாதிரி அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

“இதோட காலம் முடிஞ்சிருச்சும்மா. இனிமே ஹெச்.டி.தான்.”

ஆண்டவா, மறுபடியுமா?

4 செப்டம்பர்

இன்று எனக்குப் பாடம் எடுத்தார். இந்த ஹெச்.டி. டிஸ்க்குகளில் படம் கண்ணாடி துடைத்துவிட்ட மாதிரி தெரியுமாம். ஆனால் இரண்டு ஜாதி. ஒன்று நீல டப்பாவில் வருகிறது, இன்னொன்று சிவப்பு டப்பாவில். நீலம் சிவப்பு பிளேயரில் ஓடாது, சிவப்பு நீலத்தில் ஓடாது. இரண்டு பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பெரிய சண்டை. ஒன்று சீக்கிரம் போய்விடும்.

“எதுங்க போகும்?” என்றேன்.

“அதைத்தான் ஆராயணும்.”

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “நீங்க எதை வாங்குறீங்களோ அதுப்பா.”

அவரும் சிரித்தார். என்ன செய்ய, நடந்தது அப்படித்தானே. கல்யாணமான புதிதில் சின்ன கேசட் போடும் வீடியோ பெட்டி வாங்கினார். படம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஊரே பெரிய கேசட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு டிஸ்க் வந்தது. பாதிப் படத்தில் எழுந்துபோய் அதைக் குப்புறத் திருப்பிப் போடவேண்டும். நாங்கள் திருப்பி முடிப்பதற்குள் அதுவும் செத்தது. பிறகு மூன்று விசிடியை ஒரே சமயத்தில் ஏற்றும் பிளேயர். மறு மாதமே முழுப் படமும் ஒரே டிவிடியில் வந்துவிட்டது.

அவர் கை வைத்தால் அந்தச் சரக்குக்குச் சங்குதான். என் பிறந்த வீட்டில் இது ஊரறிந்த ரகசியம். அத்தான் எதை வாங்கியிருக்கிறார் என்று கேட்டு, அதற்கு நேர்மாறானதை வாங்குவார்கள். என் தம்பி அப்படியே வாங்கி வாங்கி, கடைத்தெருவில் டிஸ்க் வாடகைக் கடையே வைத்துவிட்டான்.

9 செப்டம்பர், ஞாயிறு

தம்பி வந்தான். சாப்பிட்டு முடித்து அவர் முன்னறையில் சாய்ந்ததும் பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தான்.

“அக்கா, கடையில ஹெச்.டி. வரிசை ஒண்ணு போடப் போறேன். ரெண்டு வகையும் வாங்கி அடுக்க எனக்கு வக்கில்ல. அத்தான் எதை வாங்கப் போறார்னு மட்டும் சொல்லிரு.”

“ஏன், நீயும் அதையே வாங்கவா?”

“விளையாடாதக்கா. இதுல சறுக்கினேன்னா கடையைச் சாத்திட்டு எவன்கிட்டயாவது கைகட்டி நிக்கணும்.”

“டேய், அவர் என் வீட்டுக்காரர்டா. வானிலை அறிக்கை இல்ல.”

“வானிலை அறிக்கை சில நாள் பலிக்கும்க்கா. அத்தான் பலிக்கவே மாட்டார்.”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எட்டிப் பார்த்தேன் — சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூக்கமா விழிப்பா, தெரியவில்லை.

16 செப்டம்பர்

அவர் வேலையே வரைபடம் போடுவதுதான். ஊருக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பென்சிலில்தான் போகிறது. அதே சிரத்தையோடு கிராஃப் தாளில் சிவப்புக் கோடும் நீலக் கோடுமாக இழுத்துக்கொண்டிருக்கிறார். நானும் பிளேயர் விளம்பரத்தாளை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். ‘ரெசல்யூஷன்’ என்றால் தீர்மானம் என்று போட்டிருக்கிறது. படத்துக்கு என்ன தீர்மானம் வேண்டியிருக்கிறது? தீர்மானம் வேண்டியது எங்கள் வீட்டுக்குத்தான்.

தேநீர் கொண்டுபோய் வைத்தபோது தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரே ஒரு தடவைம்மா. உங்க வீட்டாளுங்க முன்னாடி ஒரே ஒரு தடவை நான் சொன்னது சரியாப் போகணும்.”

தேநீர் ஆறும்வரை அங்கேயே நின்றேன்.

30 செப்டம்பர்

ஆண்டவனிடம் சிவப்பா நீலமா என்று கேட்பது தகுமா? தகாது. கேட்டேன். இவரும் ஜெயிக்கணும், தம்பி கடையும் நிலைக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். பாதியில்தான் உறைத்தது: இவர் ஒன்றை எடுத்தால் அவன் மற்றதை எடுப்பான். பிறகு எப்படி இரண்டு பேரும் பிழைப்பது? ஆண்டவனுக்கே இது கொஞ்சம் இடக்கான வேண்டுதல்தான்.

14 அக்டோபர், ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டது. சிவப்பு.

“சிவப்பு, சமைச்சு இறக்கி வச்சாச்சு. விலையும் சல்லிசு. நீலம் இன்னும் அடுப்புல வெந்துக்கிட்டிருக்கு” என்றார். எனக்காகவே சமையல் கணக்கில் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம்.

சாயங்காலம் தம்பி போன். நான் வாயே திறக்கவில்லை.

“அக்கா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சிவப்புன்னா ஒரு தடவை இருமு, போதும்.”

இருமல் வந்துவிட்டது. மிளகாய் நெடி. ஆண்டவன் சாட்சி.

பிறகு சேர்த்து எழுதியது: வாணலியில் மிளகாய் இருந்தது உண்மை. அடுப்பை இன்னும் பற்றவைத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

27 அக்டோபர்

தம்பி கடையில் நீலம் இறங்கிவிட்டதாம். போர்டுகூட நீலத்தில் எழுதியிருக்கிறானாம். “நல்ல சேதி” என்றார் இவர். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

3 நவம்பர், சனி

கிராஃப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிளேயர் வாங்கக் கிளம்பினார். நானும் போனேன். வழியில் தம்பி கடை. சுவர் முழுக்க நீல டப்பா, மீன் தொட்டிக்குள் நிற்பதுபோல இருந்தது. இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தம்பி இவர் முகத்தைப் பார்க்காமல் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மின்சாதனக் கடையில் சிவப்பு பிளேயரை எடுத்துவந்து மேசையில் வைத்தார்கள். இவர் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், “நீலத்தை எடுங்க” என்றார்.

“என்னங்க! உங்க தாளு?”

“அவன் கடை முழுக்க நீலத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். சொந்த அத்தானே சிவப்பு வாங்கினா, வேற எவன் வந்து நீலம் எடுப்பான்? பாவம், புதுசா ஆரம்பிக்கிறான்.”

பஸ்ஸில் பிளேயரைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கணக்கில் இதைப் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதக் கை வரவில்லை. ‘உறவுக்காரர்’ பத்தியில் எழுதினேன்.

4 நவம்பர்

பிளேயரோடு இலவசமாக ஒரு படம் கொடுத்திருந்தார்கள். போட்டோம். அம்மாடி! கதாநாயகனுக்குக் காதில் முடி இருக்கிறது. கதாநாயகியின் மூக்கில் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது. இத்தனை தெரியத்தான் வேண்டுமா?

தம்பி போன் செய்தான். “அத்தான் வாங்கியாச்சா? சிவப்புதானே?”

நேராகக் கேட்டால் நேராகச் சொல்லித்தானே ஆகவேண்டும்? “நீலம்டா. உனக்காகத்தான்டா வாங்கினார். உன் கடையில எடுக்கணும்னு—”

மிச்சத்தை அவன் கேட்கவே இல்லை.

“நீலமா? போச்சு. என் கடை போச்சு. போச்சுக்கா!”

10 நவம்பர், சனி

பாவிப் பயல். மொத்த நீலத்தையும் மொத்தவியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிவப்பாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். போர்டுக்கும் சிவப்பு அடித்தாயிற்று.

படம் எடுக்கப் போன இவர் வெறுங்கையோடு திரும்பிவந்தார். சட்டையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“நான் நீலம் வாங்கினேன்னுதான் மாத்திட்டானா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“எத்தனை வருஷமா இப்படி?”

“சின்ன கேசட்லேர்ந்து.”

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். நானும் கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்று வாயெடுத்தபோது நின்றுவிட்டது. எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

நான் இருமியதையும் சொல்லிவிட்டேன். “அப்படியா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

2 டிசம்பர்

அந்த இலவசப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகளுக்கு வசனம் எல்லாம் மனப்பாடம். இவர் தம்பியின் கடைத்தெருப் பக்கமே போவதில்லை, பஸ்ஸுக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

6 ஜனவரி 2008

ஒரு பெரிய படக்கம்பெனி இனி நீலத்தில் மட்டும்தான் வெளியிடுமாம். செய்தித்தாளில் படித்தார். நான்காக மடித்து வைத்தார்.

20 பிப்ரவரி, புதன்

சிவப்பு முடிந்தது. செய்தவர்களே இனிமேல் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

“அப்பா! ஜெயிச்சுட்டீங்க!” என்று மகள் குதித்தாள். பிறந்த வீட்டிலிருந்து போனுக்கு மேல் போன். பெரியப்பா, சித்தி, யார் யாரோ. கல்யாணத்துக்குக்கூட இத்தனை வாழ்த்து வரவில்லை. இவர் ஒவ்வொருவரிடமும், “இல்லைங்க, என் கணக்குப்படி சிவப்புதான் வந்துச்சு” என்று விளக்கப் பார்த்தார். என்ன தன்னடக்கம் என்று அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தாளைப் பாத்து வாங்கியிருந்தா இப்பவும் சிவப்புதான் வாங்கியிருப்பேன், தோத்திருப்பேன். உங்க வீட்டு முறையில தப்பே இல்லம்மா. அருமையான முறை. உன் தம்பிதான் அதை ஒழுங்காப் பின்பத்தல.”

தம்பி மட்டும் போன் செய்யவில்லை.

23 பிப்ரவரி, சனி

மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சிவப்பு. நடுவில் அவன்.

“சிரிக்கணும்னா சிரிச்சிட்டுப் போயிருக்கா.”

“சிரிக்க வரலடா. சாப்பிட்டியா?”

சாப்பிடவில்லை. சிவப்பை மொத்தவியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டானாம். நீலம் தவணையில் தருகிறானாம். ஆனால் எடுக்க வருகிறவர்கள் யார் வீட்டிலும் நீல பிளேயர் இல்லை, பிளேயரையும் சேர்த்து வாடகைக்குக் கேட்கிறார்கள். இவனிடம் இருப்பது சிவப்பு பிளேயர்.

“அத்தான் என்ன சொல்றார்?” என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

“வந்து நீயே கேளு.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக்கா?”

வீட்டுக்கு வந்து கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

24 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தால், இவர் பிளேயரின் வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். குளித்த துண்டில் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கல்லா மேல் வைத்தார்.

“மாப்ளே, இதை நீ வாடகைக்கு விடு. உன் சிவப்பு பிளேயரை எடு. அந்த டிஸ்க்கையெல்லாம் கட்டு.”

“அத்தான், அது செத்துப்போச்சு அத்தான்.”

“தெரியும். செத்ததை வச்சுக் குடித்தனம் நடத்த என்னை விட்டா உங்க குடும்பத்துல ஆள் யாரு?”

“இத்தனையும் எதுக்கு அத்தான் உங்களுக்கு?”

“என் தாள்ல சிவப்புதானே ஜெயிச்சுது? பாத்துட்டுத்தான் சொல்லணும்.”

தம்பி டப்பாக்களை இறக்க ஆரம்பித்தான். இறக்கிக்கொண்டே இருந்தான், முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. இவர் கட்டுக்கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அங்கே வேலை இல்லை. வெளியே வந்து, போர்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

16 மார்ச், ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். நீல பிளேயர் கடையில் நிற்பதே இல்லையாம், ஒரு வீட்டிலிருந்து வந்ததும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகிறதாம். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சிவப்பில் ஒரு படம் பார்த்தோம். இவர் டிவிக்குக் கிட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாருங்க, அந்த இருட்டுல சுவத்துக் கறைகூட தெரியுது. நீலத்துல இது வராது.”

“ரெண்டும் ஒண்ணுதான்ப்பா” என்றாள் மகள்.

எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. “சிவப்புதாங்க நல்லாயிருக்கு” என்றேன். நாளைக் காலையில் ஆண்டவனிடம் பேசிக்கொள்கிறேன்.

படம் முடிந்ததும் தம்பி சமையலறைப் பக்கம் வரவில்லை. இவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

“அத்தான், இனிமே டிஸ்க்கே வேண்டாம், படமெல்லாம் நெட்டுலயே வந்துரும்ங்கிறாங்க. கடையை வச்சிருக்கலாமா, மாத்தலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன்.

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் சொன்னா, நேர்மாறாத்தானே செய்வே?”

“ஆமா அத்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப சரி, தைரியமாச் சொல்றேன்” என்று நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.